கால் ஊன்றாமல் பழனிக்கு

திண்டுக்கல்லில் ஒரு மனிதன் தனியாகச் சைக்கிள் ஓட்ட முடியாது. மூன்று முறை முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் தைப்பிங். தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது எழுபத்தொன்று. நாற்பது வயதுக்கு மேல் பிடித்த சைக்கிள் பந்தயப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. மகள் ரீத்தாவைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். இந்த முறை சில மாதங்கள் அவளோடு தங்கலாம் என்று வந்தபோது துணிப்பெட்டி ஒன்று, சைக்கிள் பெட்டி ஒன்று என்று இரண்டோடு வந்து இறங்கினேன். இரண்டில் சிறியது துணிப்பெட்டிதான்.

கூடவே ஒரு கவலையும் வந்தது. எங்கள் சைக்கிள் சங்கம் மூத்தோர் பந்தயத்துக்கு ஆண்டுதோறும் நான்கு பேரை அனுப்பும். அதில் எனக்கு ஓர் இடம் நெடுநாளாக உண்டு. இந்த ஆண்டு சங்கத் தலைவர் லிம் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். அவர் எழுதுவது மலாயும் ஆங்கிலமும் கலந்தது. தமிழில் இப்படி வரும்:

“நீ அங்கே இட்லி தின்றுகொண்டு படுத்திருப்பாய். பந்தயம் நூற்றிருபது கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஒரு தடவை தனியாக, எவன் முதுகுக்குப் பின்னாலும் ஒளியாமல், ஐந்து மணி நேரத்துக்குள் ஓட்டி, அந்தக் கணக்கை எனக்கு அனுப்பு. தைப்பூசத்துக்குள் வரவில்லை என்றால் உன் இடத்தை அந்தப் பையனுக்குக் கொடுத்துவிடுவேன்.”

அந்தப் பையனுக்கு வயது அறுபத்திரண்டு.

முதுகுக்குப் பின்னால் ஒளிவது என்பதை விளக்க வேண்டும். முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவனுக்கு மிதிப்பதில் பாதிப் பாடு மிச்சம். பந்தயத்தில் அது சாமர்த்தியம். பரீட்சையில் அது காப்பியடிப்பது. என் சைக்கிளின் கைப்பிடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. வேகம், தூரம், நெஞ்சுத் துடிப்பு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். நான் நின்று டீ குடித்தால் அதன் கடிகாரம் நிற்காது.

எங்கள் ஊரில் சைக்கிள்காரனுக்கு எதிரி மழை. தைப்பிங்கில் மழை பெய்யாத நாளை எண்ணிவிடலாம். நான் எண்ணியும் வைத்திருக்கிறேன். மற்றபடி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நாள் முழுக்க ஓட்டினாலும் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். திண்டுக்கல் சமவெளியில் மழை இல்லை, மேடு இல்லை, வானம் அகலமாகக் கிடக்கிறது. சைக்கிளுக்கென்றே செய்த நிலம் என்று நினைத்தேன். எதிரி யார் என்பது முதல் நாளே தெரிந்தது.

முதல் ஓட்டம் நத்தம் சாலையில். புறப்படும்போது சம்பந்தி ஆரோக்கியம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்தான், பாடம் வரலாறு.

“சம்பந்தியத் தனியா ரோட்டுல விட்டுட்டு, இவன் வீட்ல படுத்துக் கெடக்கான்னு ஊரு பேசாதா? நான் ஸ்கூட்டர்ல பின்னாலயே வாரேன்.”

“வேண்டாம் சம்பந்தி. தனியாக ஓட்டினால்தான் கணக்கு.”

“சரி, அப்பப் போயிட்டு வாங்க” என்றார். அத்தனை சுலபமாக அவர் ஒப்புக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சிறுமலை வலப்பக்கம் நீலமாகக் கூடவே வந்தது. புளியமரங்கள் சாலைக்குக் கூரை போட்டிருந்தன. மாமரங்களில் பூ. கால்கள் எண்ணெய் போட்டது போலச் சுழன்றன. கோபால்பட்டி தாண்டியதும் ஒருவர் கையில் சில்வர் டம்ளரோடு நடுச்சாலையில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

“நீங்கதான ஆரோக்கியம் சம்பந்தி? நான் அவருக்குச் சித்தப்பா மகன். இப்பத்தான் போன் போட்டாரு. செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போங்க.”

பந்தயச் சைக்கிளில் காலணி மிதிகட்டையோடு பூட்டிக்கொள்ளும். இறங்குமுன் குதிகாலைத் திருப்பி விடுவிக்க வேண்டும். டம்ளரைப் பார்த்த பதற்றத்தில் மறந்துவிட்டேன். நின்ற இடத்திலேயே, வெட்டிய வாழை போல, சைக்கிளோடு பக்கவாட்டில் சாய்ந்தேன். எட்டுப் பேர் ஓடிவந்து தூக்கினார்கள்.

“காலச் சைக்கிளோட பூட்டி வச்சிருக்காரப்பா!”

“திண்டுக்கல்லுக்குச் சம்பந்தி ஆயிட்டாருல்ல, பூட்டாம வருவாரா?”

அடுத்த ஊரில் ஆரோக்கியத்தின் மைத்துனர். அதற்கடுத்து அவரிடம் படித்த ஒருவர். சம்பந்தி வீட்டுக்காரன் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் அது குடும்பத்துக்கே அவமானமாம். நத்தம் போய்ச் சேர்வதற்குள் நான்கு டீ, இரண்டு முறை இட்லி, கடைசி வீட்டில் காலை ஒன்பது மணிக்கு ஆட்டுக்குழம்பு. திரும்பும்போது கைப்பிடியில் ஒரு பை புளி தொங்கியது. கருவியை நான் பார்க்கவேயில்லை. சம்பந்தியிடம் கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் அந்தக் குழம்பை நினைத்தால் கோபம் நிற்கவில்லை.

“எல்லாரும் நல்லா கவனிச்சாங்களா?” என்று கேட்டார்.

“கவனித்தார்கள்” என்றேன்.

இரண்டாவது ஓட்டத்துக்குக் கள்ளன் போலக் கிளம்பினேன். சம்பந்தி காலைப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம். வத்தலக்குண்டு சாலையைப் பிடித்தேன். இந்த முறை டம்ளரோடு யாரும் நிற்கவில்லை. ஆனால் மொபெட்டில் போகிறவர்கள் என் வேகத்துக்குக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து பேட்டி எடுத்தார்கள். மொத்தம் பதினேழு பேர். கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: எந்த ஊர், எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள். பூக்கூடையோடு போன ஒருவர் மட்டும் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

“மட்காடு எங்க பெருசு?”

“இல்லை.”

“ஸ்டாண்டு? கேரியரு? பெல்லு?”

“எதுவும் கிடையாது.”

“அடப்பாவமே, கடன்காரன் கழட்டிட்டுப் போயிட்டானா?”

சிரித்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. கூடை மல்லிகையின் வாசனை வெகுதூரம் கூட வந்தது. வத்தலக்குண்டுப் பக்கம் தென்னைகளுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் நடுவே வெயில் சாய்ந்து விழுந்தது. பள்ளிப்பிள்ளை போலப் பாடிக்கொண்டே ஓட்டினேன். சேவுகம்பட்டியைத் தாண்டி ஒரு கருவேலங்காட்டை ஒட்டிப் போனபோது முன்சக்கரம் ‘உஸ்’ என்றது. இறங்கிப் பார்க்கிறேன், பின்சக்கரமும் ‘உஸ்’. இரண்டு சக்கரத்திலும் முள். கையிலிருந்த மாற்று ட்யூப் ஒன்றே ஒன்று.

சாலையோரம் உட்கார்ந்து வாழ்க்கையை நொந்துகொண்டிருந்தேன். கேரளாவில் காய்கறி இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிய லாரி ஒன்று நின்றது. தாடி வைத்த ஓட்டுநர் தலையை நீட்டினார்.

“என்ன அத்தா, பஞ்சரா? ஏறுங்க.”

பெயர் அன்வர். திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். சைக்கிளைப் பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, கோணிச்சாக்கு விரித்துப் படுக்கவைத்து, கயிறு கீறாமல் இருக்கத் தன் துண்டைச் சுற்றிக் கட்டினார். வழியெல்லாம் முட்டைக்கோஸ் இலை வாசம். லிம்மின் நிபந்தனையைச் சொன்னேன்.

அன்வர் யோசித்தார். “அப்ப நான் ஏத்துனது தப்பாப் போச்சோ?”

“பஞ்சரான பிறகு தப்பில்லை.”

“அப்பச் சரி. வூட்ல பிரியாணி ஆக்கியிருக்கும். சாப்பிட்டுட்டே போவலாம்.”

சாப்பிட்டுவிட்டே போனேன். கருவியை அணைக்க மறந்திருந்தேன். அது லாரியின் ஓட்டத்தையும் எழுதி நேராக லிம்முக்கே அனுப்பிவிட்டது. சாயங்காலம் செய்தி வந்தது: “மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறாய். அப்போது உன் நெஞ்சு தூங்குகிறவனைப் போலத் துடித்திருக்கிறது. வாழ்த்துகள்.”

தைப்பூசத்துக்குச் சில நாட்களே இருந்தன. என் முழங்காலும் இன்னொரு நீண்ட ஓட்டத்துக்கு மேல் தாங்காது. மிச்சமிருந்தது பழனிச் சாலை. போய் வந்தால் நூற்றிருபதுக்குக் கொஞ்சம் குறையும். ஊருக்குள் ஒரு சுற்று சுற்றினால் சரியாகிவிடும்.

“பூச நேரத்துல பழனி ரோடா?” ரீத்தா தலையில் கைவைத்தாள். “அப்பா, நடக்கிற சனம் ரோடு பூரா போகும். அந்தப் பையனே போகட்டுமே பந்தயத்துக்கு?”

“உனக்கு அவனைத் தெரியாது. ஏற்றத்தில் இடப்பக்கம் வழியை அடைப்பான்.”

சம்பந்தியை உட்காரவைத்து அவர் கைப்பேசியை வாங்கி ரீத்தாவிடம் கொடுத்தேன். “நான் திரும்பும்வரை இதை அவரிடம் கொடுக்காதே.” ஆரோக்கியம் பரீட்சையில் பிடிபட்ட பிள்ளை போலப் பார்த்தார்.

விடிவதற்குமுன் கிளம்பினேன். கீழ்க்காற்று முதுகைத் தள்ளியது. போகும்போது இனிக்கும் அது வரும்போது என்ன செய்யும் என்ற கவலை முதல் கிலோமீட்டரிலேயே தொடங்கிவிட்டது. சாலையின் ஓரத்தில் பாதயாத்திரைக்காரர்கள் வரிசையாக நடந்தார்கள். வெளிச்சம் வந்ததும் ஒன்றைக் கவனித்தேன். அவர்களில் பாதிப்பேர் பச்சை உடுத்தியிருந்தார்கள். நானும் பச்சைதான். எங்கள் சங்கத்தின் சட்டை முப்பது ஆண்டாகப் பச்சை. நான் மாதா கோயில் பிள்ளை. பழனிக்குப் போகிறவர்கள் பச்சை உடுத்துவார்கள் என்பது பெட்டி கட்டும்போது எனக்கெப்படித் தெரியும்?

“அரோகரா சாமி!” என்று ஒருவர் கும்பிட்டார். அதற்கப்புறம் எல்லாரும் கும்பிட்டார்கள்.

எங்கள் பினாங்கிலும் தைப்பூசம் பெரிது. அங்கே சாலையில் தேங்காய் உடைப்பார்கள். மறுநாள் அந்தப் பக்கம் ஓட்டும் சைக்கிள்காரன் சிரட்டைச் சில்லுக்குப் பயந்து செத்துச் செத்துப் பிழைப்பான். இங்கே சில்லு இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து இருந்தது. அன்னதானப் பந்தல்கள்! ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று இந்தச் சாலையின் ஊர்ப்பெயர்களைப் பார்த்தாலே தெரியவேண்டாமா? வருகிறவனை உட்காரவைத்துச் சோறு போடுவதற்கென்றே பிறந்த சாலை. இதில் நிற்காமல் போய்த் திரும்பக் கிளம்பியவன் நான்.

முதல் இரண்டு சத்திரங்களைத் தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன். ஒட்டன்சத்திரத்தில் கூட்டம் சாலையை நெருக்கியது. நடைவேகத்துக்குக் குறைக்க வேண்டியதாயிற்று. பந்தலிலிருந்து ஐம்பது வயதுப் பெண் ஒருவர் மோர்ச் சொம்போடு பக்கத்திலேயே ஓடிவந்தார்.

“ஏனுங்க சாமி, எறங்குங்க. ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமுங்க.”

“முடியாதம்மா. நின்றால் போச்சு. திண்டுக்கல் திரும்புகிறவரை கால் ஊன்றக் கூடாது.”

“அய்யோ! அப்படியொரு நேத்திக்கடனுங்களா?”

“நேர்த்திக்கடன் இல்லையம்மா, சைக்கிள் பந்தயம். இன்று நிற்காமல் ஓட்டினால்தான் எங்கள் குழுவில் எனக்கு இடம் கிடைக்கும்.”

அவர் ஓடியபடியே சிரித்தார். “அதேதானுங்க! எல்லாரும் ஒண்ணு கெடைக்கோணும்னுதான் வேண்டிக்கறாங்க. ஒருத்தருக்கு வேலை, ஒருத்தருக்குக் கொழந்தை. உங்களுக்குச் சைக்கிள்.”

பொய் சொல்லி வாங்கக் கூடாது என்று தோன்றியது. “நான் மாதா கோயிலம்மா.”

“இருக்கட்டுமுங்க. மோருக்கு எந்தக் கோயிலு?” சொம்பை என் வாயருகே நீட்டினார். ஓட்டிக்கொண்டே குடித்தேன். பாதி சட்டையில். “நான் மயிலாத்தாளுங்க. வெங்காய மண்டியில வேலை. வரும்போதாச்சும் எறங்கிச் சாப்பிட்டுத்தான் போகோணும்!”

பின்னால் அவர் கைப்பேசியில் கத்துவது கேட்டது: “அக்கா, பச்சைச் சட்டையில ஒரு பெரியவரு சைக்கிள்ல வராருங்க. காலு கீழ வெக்கமாட்டாரு. நிறுத்தாதீங்க, ஓடிக்கிட்டே குடுங்க!”

சம்பந்தியின் கைப்பேசியை மட்டும் பிடுங்கிவைத்த என் மடமையை என்ன சொல்ல.

ஆனால் இந்த முறை அந்தப் போன் எனக்காக வேலை செய்தது. விருப்பாச்சிப் பந்தலில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் தயாராக ஓடிக்கொண்டே தண்ணீர் பாட்டில் நீட்டினார். சத்திரப்பட்டியில் உரித்த வாழைப்பழம். ஆயக்குடியில் நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள் தூவிய கொய்யா. “வழி விடுங்க, வழி விடுங்க, கால் ஊன்றாத சாமி!” என்று எனக்கு முன்னால் குரல் போனது, கூட்டம் விலகியது. பெரிய பந்தயங்களில் இப்படி உணவு கொடுக்கப் பழகிய ஆட்கள் இருப்பார்கள். எங்கள் சங்கத்துக்கு அந்த வசதி ஒருநாளும் வாய்த்ததில்லை. பழனி மலையைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கையில் நேரம் மிச்சம் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

திரும்பியதும் சிரிப்பு நின்றது. கீழ்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. சேர்த்து வைத்த நிமிடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஒட்டன்சத்திரத்தில் மயிலாத்தாள் இலை போட்டுக் காத்திருந்தார். “முடியலையம்மா, நாளைக்கு வருகிறேன்!” என்று கத்தினேன். அவர் ஓடிவந்து ஒரு சோற்று உருண்டையைக் கையில் திணித்தார். புளிசாதம். அந்த உருண்டையில்தான் மூலச்சத்திரம்வரை வந்தேன்.

அங்கே சட்டென்று காற்று நின்றது. சைக்கிள் தானாகப் பறந்தது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் ஒரு லாரி, என் வேகத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. முட்டைக்கோஸ் வாசம். கண்ணாடியில் தாடி.

“அத்தா! காத்து அடிக்குதுல்ல, ஒதுங்கி வாங்க!”

“போங்க பாய், போங்க!”

“பரவால்ல அத்தா, எனக்கு அவசரமில்ல!”

நான் மெதுவாக்கினேன்; அவரும் மெதுவாக்கினார். மரியாதைக்கு மறுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். லிம் பக்கத்தில் இல்லை, கருவிக்கும் தெரியப்போவதில்லை. அந்த நிழலில் திண்டுக்கல்வரை போயிருந்தால் எனக்கு இடம் உறுதி. வெளியே காற்றில் போனால் உறுதியில்லை. கால் கெஞ்சியது. சாலையின் விளிம்புக்கு ஒதுங்கி, காற்றுக்குள் தலையை நீட்டி, அவர் ஜன்னலுக்குப் பக்கமாக ஏறி வந்தேன்.

“பாய், உங்க முதுகுக்குப் பின்னால் வந்தால் கணக்கில் சேராது!”

அன்வர் முகம் விழுந்தது. பிறகு மலர்ந்தது. “அப்ப நான் உங்க முதுகுக்குப் பின்னால வாரேன்!”

அப்படியே செய்தார். நாலு விளக்கையும் சிமிட்டவிட்டு, என்னை உரசவந்த பஸ்களையெல்லாம் ஹாரன் அடித்து விலக்கிக்கொண்டு வெகுதூரம் பின்னால் வந்தார். முன்னால் காற்று என்னுடையது மட்டும். ரெட்டியார்சத்திரம் தாண்டி மலைக்கோட்டைப் பாறை தெரிந்தபோது கண்ணில் தண்ணீர். காற்றினால்தான். தெருமுனையில் ஆரோக்கியம் நின்றிருந்தார், கைப்பேசி இல்லாத வெறுங்கையோடு. கருவியைப் பார்த்தேன். தூரம் சரி. ஐந்து மணி நேரம் ஆக இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. குதிகாலைத் திருப்ப மறக்காமல் இறங்கினேன்.

மறுநாள் சம்பந்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஒட்டன்சத்திரம் போனேன். மயிலாத்தாள் இலை போட்டார்.

“செயிச்சீங்களா சாமி?”

“பந்தயம் இனிமேல்தான் அம்மா. நேற்று ஓடியது பந்தயத்தில் இடம் பிடிப்பதற்கு.”

“ஓடறதுக்கே ஓடோணுங்களா!” பந்தலே சிரித்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லிம்மின் செய்தி வந்தது. “இடம் உன்னுடையது. ஒரே ஒரு கேள்வி. உண்மையாகவே தனியாகத்தான் ஓட்டினாயா?”

எண்ணிப் பார்த்தேன். மயிலாத்தாள், விருப்பாச்சி வேட்டிக்காரர், வாழைப்பழம், கொய்யா, வழி விலகியவர்கள், அன்வர். “காற்றில் நான் மட்டும்தான். சாலையில் எத்தனை பேர் என்று இன்னும் எண்ணி முடியவில்லை” என்று அனுப்பினேன். “வெயில் உன் தலைக்கு ஏறிவிட்டது. சீக்கிரம் ஊர் வந்து சேர்” என்றார்.

கை கழுவி வந்ததும் மயிலாத்தாள் மோர்ச் சொம்பை என்னிடம் கொடுத்தார். பச்சை வேட்டிக்காரர் ஒருவர் காவடியோடு விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நடையைக் குறைத்தார்.

“நிற்காதீங்க! நிற்காதீங்க!” என்று கத்திக்கொண்டு, அவர் சட்டென்று வாங்கிக்கொள்ளும்படி சொம்பின் விளிம்பை விரல் நுனியால் தளர்த்திப் பிடித்தபடி, அவர் பக்கத்திலேயே ஓடினேன். “போய்க்கிட்டே குடிங்க!”